ஆட்டோமேஷன் டெஸ்டிங் வேலையிலிருந்து வீடியோ கேம் துறைக்கு மாறுவதற்கு எந்த வழி சரியானது?

பொருநைக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியைச் சேர்ந்தவள். மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவில் பி.இ. முடித்து, சென்னை ஓ.எம்.ஆர். பகுதியில் உள்ள ஓர் ஐ.டி. நிறுவனத்தில் ஆட்டோமேஷன் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். உலாவியைத் தானாக இயக்கும் செலினியம் என்ற கருவியை ஜாவா மொழியில் பயன்படுத்தி வங்கிகளின் இணையதளங்களுக்குச் சோதனை நிரல்கள் எழுதுவது என் அன்றாட வேலை. அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே வீடியோ கேம்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை அறியும் ஆவல் எனக்குள் இருந்து வருகிறது. அந்தத் துறையில் நிரலாளராகச் சேர்ந்து, அதையே வாழ்க்கைத் தொழிலாக அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு இப்போது வந்திருக்கிறேன்.

கொஞ்ச காலமாக மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் கேம்களை உருவாக்கப் பயன்படும் மென்பொருளான யூனிட்டி இன்ஜினைக் கற்று வருகிறேன். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துக் கல்தரையில் பெரியவர்கள் ஆடும் ஆடு புலி ஆட்டத்தைக் கைப்பேசிக்கான கேமாகச் செய்யத் தொடங்கினேன். பலகை வரைவது, காய்களைத் தொட்டு நகர்த்துவது, புலி ஆட்டைத் தாண்டி வெட்டுவது ஆகியவை வேலை செய்கின்றன. கணினியே எதிராளியாக ஆடும் பகுதியை எப்படி எழுதுவது என்று புரியாததால் வேலை பாதியில் நிற்கிறது.

இப்போது என் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கேம் டெவலப்மென்ட் டிப்ளமோ நடத்தும் ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தில் ஓராண்டு முழுநேரமாகச் சேர்வது. கட்டணம் பல லட்சம் ரூபாய். கல்லூரிக்கு வாங்கிய கல்விக்கடனின் தவணையே இன்னும் முடியவில்லை. இருந்தும் "நீ சரி என்று சொன்னால் இன்னொரு கடனுக்கும் நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார் அப்பா. அவர் அப்படிச் சொல்வதால்தான் எனக்கு அச்சம் அதிகமாகிறது. இரண்டாவது, கல்லூரியில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா சொல்லும் வழி: பெரிய ஸ்டுடியோ ஒன்றில் கேம் டெஸ்டராகச் சேர்ந்துவிட்டு, உள்ளே இருந்தபடியே நிரலாக்கப் பிரிவுக்கு மாறிவிடலாம் என்கிறார். மூன்றாவது, இப்போதைய வேலையில் இருந்துகொண்டே சொந்தமாகக் கேம்கள் செய்து, அவற்றைக் காட்டி விண்ணப்பிப்பது.

இந்த மூன்றில் எது உண்மையாகவே பயன் தரும் என்பதை இத்துறையில் இருப்பவர்கள் எடுத்துச் சொன்னால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன். ஆட்குறைப்புச் செய்திகளை அடிக்கடி படிக்கிறேன். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் சட்டம் வந்ததிலிருந்து, வீட்டில் "அந்தத் தொழிலே சட்டவிரோதமாமே" என்று கேட்கிறார்கள். அதற்கும் எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை.

சுழல்நிரல் பதில்:

வணக்கம் தங்கை. நான் பெங்களூருவில் கேம்பிளே (ஆட்டத்தின் இயக்கங்களை எழுதும்) நிரலாளராகப் பணிபுரிகிறேன். எங்கள் குழுவுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல்களிலும் அமர்கிறேன். எனவே மேசையின் மறுபக்கத்திலிருந்து என்ன தெரிகிறது என்பதைச் சொல்கிறேன்.

உங்கள் அப்பாவை இன்னொரு கடன் பத்திரத்தில் கையெழுத்திட விடாதீர்கள். நிரலாளர் பணிக்கு வரும் விண்ணப்பத்தில் டிப்ளமோ இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பதில்லை. பி.இ. பட்டம் ஏற்கெனவே உங்களிடம் இருப்பதால் மனிதவளப் பிரிவின் முதல் வடிகட்டலை நீங்கள் கடந்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு எங்கள் கண் தேடுவது, உடனே திறந்து ஆடிப் பார்க்கக்கூடிய ஒரு பில்டும், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அதன் நிரல் இருக்கும் முகவரியும்தான். அவை எங்களுக்குப் பிடித்திருந்தால் நிரல் தேர்வு ஒன்று வைப்போம். அதிலும் தேறினால் நேர்காணல். அந்தப் பயிற்சி நிறுவனத்தில் நல்ல ஆசிரியர்கள் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிரலாக்கத்துக்கு வேண்டிய பாடங்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில், மாதச் சம்பளத்தையும் இழந்து பல லட்சம் கடனையும் ஏற்பதற்கு ஈடாக அவர்கள் தரக்கூடியது மிகக் குறைவு. வேலை உறுதி என்று அவர்கள் சொன்னால், எந்த ஸ்டுடியோவில், எந்தப் பதவியில், எவ்வளவு சம்பளத்தில் என்று கேட்டு, முன்னாள் மாணவர்களிடம் நேரில் பேசிப் பாருங்கள்.

நேர்காணலில் என்ன கேட்போம் என்பதை விரிவாகச் சொல்வது உங்களுக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் படித்த வெக்டர் இயற்கணிதத்தை மறுபடியும் எடுத்துப் படியுங்கள். கேம்பிளே நிரலாக்கத்தின் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு காவலாளிப் பாத்திரத்துக்கு 120 பாகை அகலமுள்ள பார்வை இருக்கிறது. ஆட்டக்காரர் அந்தப் பார்வைக்குள் இருக்கிறாரா என்று கண்டுபிடியுங்கள் என்று கேட்போம். காவலாளி பார்க்கும் திசையையும், காவலாளியிடமிருந்து ஆட்டக்காரரை நோக்கிய திசையையும் அலகு வெக்டர்களாக்கி, இரண்டின் புள்ளிப் பெருக்கத்தை எடுக்க வேண்டும். பாதிக் கோணமான 60 பாகையின் கொசைன் மதிப்பு 0.5 என்பதால், விடை 0.5-ஐவிடப் பெரிதாக இருந்தால் ஆட்டக்காரர் பார்வைக்குள் இருக்கிறார். இதைத் தாளில் படம் வரைந்து விளக்குபவரை எங்களுக்கு உடனே பிடித்துவிடும். இணையத்தில் கிடைத்த நிரலை அப்படியே எழுதுபவரிடம், காவலாளிக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்போம். அங்கே அவருடைய புரிதலின் அளவு தெரிந்துவிடும்.

அடுத்தது நேரக் கணக்கு. நொடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் தோன்றும் தனித்தனிப் படங்கள்) வேகத்தில் ஓட வேண்டிய கேமில், ஒரு ஃப்ரேமுக்கு உரிய எல்லா வேலைகளையும் ஏறத்தாழ 16.67 மில்லிநொடிக்குள் முடிக்க வேண்டும். வங்கி இணையதளத்தில் ஒரு பக்கம் அரை நொடி தாமதமாகத் திறந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேமில் அதே தாமதம் வந்தால் ஆடுபவரின் கை தடுமாறிப் பாத்திரம் பள்ளத்தில் விழுந்துவிடும். இதனால்தான் யூனிட்டியில் நிரல் எழுதும் மொழியான சி ஷார்ப்பில், பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் எப்போது குறுக்கிடும், தோட்டாக்களை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்காமல் ஆப்ஜெக்ட் பூலிங் முறையில் ஏன் மறுபடியும் பயன்படுத்துகிறோம் என்பவற்றைத் துருவிக் கேட்கிறோம். ஜாவா தெரிந்தவர் என்பதால் சி ஷார்ப்பும் இந்த நினைவக மேலாண்மைக் கருத்துகளும் உங்களுக்கு விரைவில் கைவரும்.

யூனிட்டியிலேயே தொடருங்கள். கைப்பேசிக் கேம்கள் செய்யும் இந்திய ஸ்டுடியோக்களில் அதற்குத்தான் தேவை அதிகம். 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம் கேமின் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் கேட்கப் போவதாக அறிவித்தபோது பலர் திறமூல இன்ஜினான கோடோவுக்கு நகர்ந்தனர். ஓராண்டு கழித்து அந்தக் கட்டணம் முழுவதுமாகக் கைவிடப்பட்டது. ஓர் இன்ஜினை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்பதை அந்த நிகழ்வு எல்லோருக்கும் உணர்த்தியது. ஆகவே ஒரு கேமை முடித்த பிறகு சி++ கற்கத் தொடங்குங்கள். பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல்களுக்கான பெரிய கேம்கள் பெரும்பாலும் அன்ரியல் இன்ஜினிலோ அந்தந்த நிறுவனத்தின் சொந்த இன்ஜினிலோ உருவாகின்றன, இரண்டுக்கும் சி++ வேண்டும்.

இனி உங்கள் ஆடு புலி ஆட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பதிவில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தயவுசெய்து அதைப் பாதியில் விடாதீர்கள். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள் கொண்ட அந்தப் பலகையை, எந்தப் புள்ளி எந்தப் புள்ளியோடு இணைகிறது என்ற வரைபடமாக நினைவகத்தில் வையுங்கள். ஆட்ட விதிகளை எழுதும் நிரல், திரையில் படம் காட்டும் நிரலைப் பற்றி எதுவும் அறியாதபடி இரண்டையும் முற்றாகப் பிரியுங்கள். அப்படிச் செய்தால் விதிகளுக்குத் தனியாக யூனிட் டெஸ்ட் (நிரலின் சிறு பகுதிகளைச் சோதிக்கும் நிரல்) எழுதலாம். புதியவர்களின் கேம் நிரலில் டெஸ்ட்களைக் காண்பது அரிது என்பதால் அதுவே உங்களைத் தனித்துக் காட்டும். கணினி எதிராளிக்கு, இரு தரப்பின் அடுத்தடுத்த நகர்வுகளையும் எண்ணிப் பார்க்கும் மினிமேக்ஸ் முறையும், பயனற்ற கிளைகளைத் தேடாமல் விடும் ஆல்ஃபா பீட்டா வெட்டும் போதும். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கும் தொடக்கக் கட்டத்தில் காலி இடங்கள் அதிகம் என்பதால் தேடல் பெருத்துப் போகும். எனவே சில நகர்வுகளின் ஆழத்துக்கு மேல் போகாமல், வெட்டுப்பட்ட ஆடுகள் எத்தனை, நகர முடியாமல் அடைபட்ட புலிகள் எத்தனை என்பவற்றை வைத்து ஒவ்வொரு நிலைக்கும் மதிப்பெண் கொடுங்கள். தேடல் நடக்கும்போது திரை உறையாமல் இருக்க, அதைத் தனி த்ரெட்டில் (இணையாக ஓடும் நிரல் பாதையில்) ஓட்டுங்கள். இந்த ஒரு கேமை முடித்துவிட்டால், நேர்காணலில் ஒரு மணி நேரம் பேசுவதற்கு உங்களிடம் விஷயம் இருக்கும்.

முறை வைத்து ஆடும் பலகை விளையாட்டில் அசைவின் நயத்தைக் காட்ட முடியாது என்பது மட்டும்தான் அதில் எனக்குத் தெரியும் குறை. அதற்காக, ஒரே ஒரு மட்டம் (லெவல்) கொண்ட ஓடித் தாவும் கேம் ஒன்றை இரண்டாவதாகச் செய்யுங்கள். விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் சில ஃப்ரேம்கள் வரை தாவலை அனுமதிக்கும் "கயோட்டி டைம்" போன்ற நுட்பங்களை அதில் கையாண்டு பாருங்கள். 2018-இல் வெளியான செலஸ்ட் கேமில் ஆட்டக்காரப் பாத்திரத்தை இயக்கும் நிரல் கோப்பை, அதை உருவாக்கியவர்களே கிட்ஹப்பில் எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் உள்ள அந்தக் கோப்பை ஒரு பாடநூலைப் போலப் படிக்கலாம்.

வழுவேட்டை பதில்:

பொருநைக்கரை அவர்களே, இரண்டாவது வழியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நான் புணேயில் கேம் க்யூ.ஏ. (தரச் சோதனை) பிரிவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த வேலையை மிகவும் மதிக்கிறேன் என்பதால், இதை வேறொரு வேலைக்கான வாசற்படியாக மட்டும் எண்ணி வருபவர்களிடம் எப்போதும் வெளிப்படையாகப் பேசிவிடுவேன்.

கேம் டெஸ்டர் என்றால் நாள் முழுக்க விளையாடலாம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் எண்ணம். ஒரு கதவின் ஓரத்தில் பாத்திரம் சிக்கிக்கொள்கிறது என்ற ஒரு பக்கை (நிரல் பிழையை) மறுபடியும் நிகழ்த்திக் காட்டுவதற்காக, அதே கதவை வெவ்வேறு கோணங்களில், வெவ்வேறு ஆயுதங்களோடு, வெவ்வேறு வேகங்களில் நாள் முழுவதும் கடந்து பார்ப்பதுதான் உண்மையான வேலை. கன்சோல் கேம்களுக்கு இதோடு சான்றிதழ்ச் சோதனையும் உண்டு. சோனி, மைக்ரோசாப்ட், நின்டெண்டோ ஆகிய மூன்று நிறுவனங்களும் தத்தம் கருவிகளில் வெளியாகும் கேம்களுக்கு நீண்ட தொழில்நுட்ப விதித் தொகுப்புகளை வைத்திருக்கின்றன. ஆடிக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோலரின் இணைப்பு அறுந்தால் என்ன நடக்கிறது, சேமிப்பிடம் நிறைந்திருக்கும்போது ஆட்டத்தைப் பதிவு செய்ய முயன்றால் என்ன நடக்கிறது என்பவற்றை எல்லாம் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு விதி தவறினாலும் வெளியீடு தள்ளிப்போகக்கூடும். இதில் நுணுக்கமான மனமும் தெளிவாக எழுதும் திறமையும் உள்ளவர்கள் மிகச் சிறப்பாக வளர்கிறார்கள்.

ஆனால் கையால் சோதிக்கும் பணியில் நுழைந்து அங்கிருந்து நிரலாளராக மாறுவது, உங்கள் மூத்தவர் சொல்வதைப் போல எளிதன்று. தொடக்கநிலை டெஸ்டர்களில் பலர் ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கப்படுகிறார்கள், திட்டம் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்துவிடும். இப்போது நீங்கள் வாங்கும் சம்பளத்தைவிட அங்கே குறைவாகக் கிடைப்பதற்கே வாய்ப்பு அதிகம். நிரலாக்கப் பிரிவுக்கு மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அனைவரும் வேலை நேரத்துக்கு வெளியே சொந்தமாகக் கேம் செய்து காட்டித்தான் மாறினார்கள். அதை உங்கள் இப்போதைய வேலையில் இருந்துகொண்டே செய்யலாம் அல்லவா?

உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் ஒன்று இருக்கிறது. ஆட்டோமேஷன் தெரிந்த பொறியாளர்கள் கேம் ஸ்டுடியோக்களில் எளிதாகக் கிடைப்பதில்லை. டெஸ்ட் ஆட்டோமேஷன் இன்ஜினியர், டூல்ஸ் புரோகிராமர், பில்டு இன்ஜினியர் என்ற பெயர்களில் வரும் விளம்பரங்களைத் தேடுங்கள். செலினியத்தில் பக்கத்தின் உறுப்புகளைத் தேடிப் பிடிப்பதைப் போலவே, யூனிட்டி கேமுக்குள் இருக்கும் பொருட்களைத் தேடிப் பிடித்து இயக்க ஆல்ட்டெஸ்டர் என்ற கருவி இருக்கிறது. அதற்கு ஜாவாவிலேயே சோதனைகளை எழுதலாம். யூனிட்டி டெஸ்ட் ஃபிரேம்வொர்க்கையும், அன்ரியலில் உள்ள கான்ட்லெட் என்ற சோதனைக் கருவியையும் கற்றுக்கொள்ளுங்கள். பில்டுகளையும் சோதனைகளையும் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமாக இருக்கும்.

வங்கி இணையதளத்துக்கும் கேமுக்கும் சோதனையில் உள்ள பெரிய வேறுபாடு, கேமில் ஒரே உள்ளீடு ஒவ்வொரு முறையும் ஒரே விளைவைத் தராது என்பதுதான். தற்செயல் எண்களும் இயற்பியல் கணக்கீடும் ஃப்ரேம் வேகமும் சேர்ந்து விளைவை மாற்றிவிடும். எனவே தற்செயல் எண்களின் தொடக்க விதையை (அவற்றைத் தொடங்கும் எண்ணை) பதிவு செய்து வைப்பது, இரவு முழுவதும் கேமின் நிலப்பரப்பில் தானாக நடமாடி எந்த இடத்தில் ஃப்ரேம் வேகம் குறைகிறது, எங்கே நினைவகம் நிரம்புகிறது என்று குறித்து வைக்கும் பாட் (தானியங்கி நிரல்) எழுதுவது போன்றவைதான் எங்கள் பிரிவின் உண்மையான பொறியியல். உங்கள் ஆடு புலி ஆட்டத்தில் கணினியைக் கணினியோடு ஆயிரக்கணக்கான முறை மோதவிட்டு, விதிமீறல் எங்கேனும் நிகழ்கிறதா, எந்தப் பக்கம் அதிகம் வெல்கிறது என்று பட்டியலிடும் சோதனை ஒன்றை எழுதி விண்ணப்பத்தோடு அனுப்பினால், அதை என் மேசைக்கு வரும் முதல் விண்ணப்பமாக எடுத்துப் படிப்பேன். இந்தப் பணியில் நாள்தோறும் கேமின் மூல நிரலுக்குள் புழங்குவதால், கேம்பிளே பக்கம் மாறுவதும் எளிதாகிறது.

பொருநைக்கரை எழுதுகிறார்:

சுழல்நிரல் அண்ணாவுக்கும் வழுவேட்டை அவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. டிப்ளமோ யோசனையை விட்டுவிட்டேன் என்று இன்று அப்பாவிடம் சொன்னேன். ஆட்டோமேஷன் வழி இத்துறையில் இருக்கிறது என்பதே எனக்குப் புதிய செய்தி. இரண்டு சந்தேகங்கள் மட்டும் மீதம் உள்ளன. வேலைக்காகத் தமிழ்நாட்டை விட்டு வெளியே போகத்தான் வேண்டுமா? ஆட்குறைப்பு, புதிய சட்டம் ஆகியவற்றால் இந்தத் துறைக்கே ஆபத்து என்று வீட்டில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

ஒளிநிழல் பதில்:

வணக்கம். நான் நிரலாளர் அல்லன். வெளிநாட்டு ஸ்டுடியோக்களின் கேம்களுக்கு முப்பரிமாண உருவங்கள் செய்து தரும் ஓவியன். பல ஸ்டுடியோக்களில் வேலை செய்தவன் என்ற முறையில் உங்கள் இரண்டு சந்தேகங்களுக்கும் பதில் சொல்கிறேன்.

ஊர் விஷயத்தில் தயக்கமின்றிச் சொல்ல வேண்டுமானால், முதல் வேலைக்குப் பெங்களூரு, புணே, ஐதராபாத், மும்பை ஆகிய நான்கு நகரங்களுக்கும் விண்ணப்பிக்கத் தயாராக இருங்கள். இந்திய கேம் துறையின் முன்னோடிகளில் ஒன்றான த்ருவா இன்டராக்டிவ் 1997-இல் பெங்களூருவில்தான் தொடங்கப்பட்டது. 2019-இல் ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் அதை வாங்கித் தன் இந்தியப் பிரிவோடு இணைத்துக்கொண்டது. சிங்கா என்ற கேம் நிறுவனமும் அந்நகரில் இருக்கிறது. யூபிசாஃப்ட் 2008 முதல் புணேயிலும் 2018 முதல் மும்பையிலும் இயங்குகிறது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு ஐதராபாத்தில் பெரிய அலுவலகம் உள்ளது. சென்னையிலும் கோவையிலும் சிறிய குழுக்கள் உண்டு. அங்கே ஒருவரே பல வேலைகளைச் செய்ய வேண்டியிருப்பதால் விரைவாகக் கற்கலாம், ஆனால் காலியிடங்கள் குறைவு.

ஆட்குறைப்பு பொய்யான அச்சம் இல்லை. 2024 ஜனவரியில் மைக்ரோசாப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும், அதே மாதத்தில் யூனிட்டி ஏறத்தாழ 1,800 பேரையும், பிப்ரவரியில் சோனி பிளேஸ்டேஷன் பிரிவில் ஏறத்தாழ 900 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. கொரோனா முடக்கக் காலத்தில் வீட்டில் அடைபட்ட மக்கள் அளவுக்கு அதிகமாக ஆடியதைக் கண்டு, அந்த வேகம் நிலைக்கும் என்று நம்பி நிறுவனங்கள் ஆட்களைச் சேர்த்தன. பிறகு வட்டி விகிதம் உயர்ந்து முதலீடு சுருங்கியபோது நீக்கின. 2025 பிப்ரவரியில் காட்சி விளைவுகள் செய்துவந்த பிரான்சின் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, பெங்களூருவிலும் மும்பையிலும் இருந்த ஏராளமான கலைஞர்கள் திடீரென்று வேலை இழந்தனர். என் நண்பர்கள் பலர் அவர்களில் அடக்கம். அந்த மாதத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் போர்ட்ஃபோலியோக்களை (படைப்புத் தொகுப்புகளை) திருத்திக் கொடுத்து, காலியிடத் தகவல்களைப் பகிர்ந்துகொண்டோம். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இத்துறைக்குள் வாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான். உங்கள் கல்விக்கடன் முடியும்வரை இப்போதைய வேலையை விடாதீர்கள். கேமுக்கு வெளியேயும் செல்லுபடியாகும் நிரலாக்கத் திறமை உங்களிடம் இருப்பதால், எங்களைப் போன்ற ஓவியர்களைவிட உங்கள் நிலை உறுதியானது.

சட்டத்தைப் பற்றி வீட்டில் இப்படி விளக்குங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி, பணம் வெல்லும் எதிர்பார்ப்போடு ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத்தான் தடை செய்கிறது. அவை திறமையால் வெல்வதா, அதிர்ஷ்டத்தால் வெல்வதா என்ற வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ரம்மி, போக்கர், ஃபேன்டஸி கிரிக்கெட் ஆகியவற்றை நடத்திய நிறுவனங்கள் அதனால் பெரும் இழப்பைச் சந்தித்து ஆட்களைக் குறைத்தன. மின்விளையாட்டுப் போட்டிகளையும் பணயம் இல்லாத பொழுதுபோக்கு விளையாட்டுகளையும் அதே சட்டம் அங்கீகரிக்கிறது. நீங்கள் செல்ல விரும்புவது இந்த இரண்டாவது பக்கத்துக்கு. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மிக் கடனால் குடும்பங்கள் பட்ட துயரத்தை உங்கள் பெற்றோர் செய்தித்தாளில் படித்திருப்பார்கள், அவர்களுடைய அச்சம் அங்கிருந்து வருகிறது. அதை மதித்துப் பொறுமையாக வேறுபாட்டை எடுத்துச் சொல்லுங்கள்.

வேலை கிடைத்து ஒப்பந்தம் கையில் வரும்போது, செய்த வேலையைப் பிற்காலத்தில் போர்ட்ஃபோலியோவில் காட்ட அனுமதி உண்டா என்று கேளுங்கள். வெளிநாட்டுக் கேம்களுக்கான வேலையில் ரகசிய உடன்பாடு இருக்கும். கேம் வெளியாகும்வரை, சில வேளைகளில் அதற்குப் பிறகும், எதையும் காட்ட முடியாது. ஆண்டுக்கணக்கில் உழைத்தும் காட்டுவதற்கு ஒரு படம்கூட இல்லாமல் நின்ற கலைஞர்களை எனக்குத் தெரியும். வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில் இரவும் வார இறுதியும் வேலை செய்ய வேண்டியிருக்குமா என்பதையும் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டதற்காக உங்களை விலக்கும் ஸ்டுடியோவில் நீங்கள் சேராமல் இருப்பதே நல்லது.

மேப்பிள்நிழல் பதில்:

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். மேலே உள்ள அறிவுரைகள் அனைத்தும் சிறப்பானவை; நான் ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 2023-இல் இந்நகரின் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு வெளியிட்ட "வெண்பா" என்ற கேம், 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை, இட்லியும் பிரியாணியும் சமைக்கும் புதிர்களின் வழியாகச் சொன்னது. அறிமுகக் கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை 2024-இல் அது வென்றது. பெரிய ஸ்டுடியோவில் சேர்வது மட்டுமே இத்துறைக்குள் வரும் வழி என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமை வெளியிட 100 டாலரும், கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒரே முறை 25 டாலரும் கட்டினால் போதும். விற்பனையை நம்பி வேலையை விடச் சொல்லவில்லை. கடையில் வெளியான ஒரு கேம் உங்கள் பெயரில் இருப்பது, விண்ணப்பத்தில் பெரிய பலம்.

உங்கள் ஆடு புலி ஆட்டத்தில் தமிழில் வழிகாட்டு வரிகளை வைக்கப் பாருங்கள். அப்போது ஒரு சிக்கலைச் சந்திப்பீர்கள். "கெ", "கே", "கொ" போன்ற எழுத்துகளில் கொம்பு, மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, திரையில் முன்னால் காட்டப்பட வேண்டும். யூனிட்டியில் பரவலாகப் பயன்படும், எழுத்துகளைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ இந்த இடமாற்றத்தைத் தானாகச் செய்வதில்லை என்பதால் எழுத்துகள் சிதைந்து தெரியும். கோடோ 4-ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளைச் சரியாக அமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துவதால் அங்கே தமிழ் சரியாகத் தெரிகிறது. யூனிட்டியில் இதற்கு ஒரு தீர்வை எழுதி, கிட்ஹப்பில் எல்லோருக்கும் பயன்படும்படி வெளியிடுங்கள். இந்திய மொழிகளில் கேம்களை வெளியிட விரும்பும் ஒவ்வொரு ஸ்டுடியோவுக்கும் அதே சிக்கல் இருக்கிறது. தமிழை எழுதவும் படிக்கவும் தெரிந்த நிரலாளரால்தான் அதைச் சரியாகச் சோதிக்க முடியும்.

பொருநைக்கரை எழுதுகிறார்:

மேப்பிள்நிழல் அவர்கள் சொன்ன எழுத்துச் சிதைவை நேற்றே பார்த்துவிட்டேன். "ஆட்டை வெட்டு" என்ற வரியிலேயே கொம்பு இடம் மாறி நின்றது. அதைத்தான் முதலில் சரி செய்யப் போகிறேன். விண்ணப்பத்தில் வங்கித் திட்ட அனுபவத்தைக் குறிப்பிடுவதா, கேம் வேலைக்குத் தொடர்பில்லாதது என்று விட்டுவிடுவதா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

சுழல்நிரல் பதில்:

கட்டாயம் குறிப்பிடுங்கள். குழுவாக வேலை செய்து, குறித்த நாளில் ஒரு பொருளை வெளியிட்ட அனுபவம் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பதில்லை. விண்ணப்பத்தின் மேல்பகுதியில் உலாவியிலேயே ஆடக்கூடிய உங்கள் கேமின் இட்ச் (கேம்களை வெளியிடும் இணையதளம்) முகவரியையும், ஒரு நிமிடத்துக்கு மிகாத காணொளியையும், கிட்ஹப் முகவரியையும் வையுங்கள். அதற்கு அடுத்து வேலை அனுபவம் வரட்டும். கிட்ஹப்பில் உள்ள அறிமுகக் கோப்பில், எந்தப் பகுதியை நீங்களே எழுதினீர்கள், எதை வேறு இடத்திலிருந்து எடுத்தீர்கள் என்று தெளிவாக எழுதிவிடுங்கள். ஆண்டுதோறும் ஜனவரி இறுதியில், குறுகிய நேரத்தில் குழுவாகக் கேம் செய்யும் குளோபல் கேம் ஜாம் நடக்கும். அருகில் உள்ள ஏதேனும் ஒரு மையத்தில் அதில் கலந்துகொண்டால், ஓர் ஓவியரோடும் ஓர் இசையமைப்பாளரோடும் சேர்ந்து செய்த கேம் ஒன்றும் உங்கள் பட்டியலில் சேரும். ஆடு புலி ஆட்டத்தின் பில்டு தயாரானதும் இதே இழையில் போடுங்கள். நான் புலியாக ஆடிப் பார்த்துக் குறைகளை எழுதி அனுப்புகிறேன்.